ஒப்பீட்டு நபர்

ஆவுடையப்பன் காலமானார் என்ற செய்தி வந்ததும் இசக்கி முதலில் செய்த காரியம், ஆய்வகத்துக் குளிர்பெட்டியைத் திறந்து, போன வருஷம் அவர் வீட்டில் எடுத்துவந்த நான்கு கண்ணீர்க் குப்பிகளும் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்ததுதான். இருந்தன. அதற்குப் பிறகுதான் 'ஐயோ பாவம், நல்ல மனுஷன்' என்று நினைக்கத் தோன்றியது. அந்த நினைப்பையும் உடனே திருத்திக்கொண்டாள். ஆவுடையப்பனை நல்ல மனுஷன் என்று பாளையங்கோட்டையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

கார்கள் தாமாகவே ஓடத் தொடங்கிப் பல வருஷங்கள் ஆன பிறகும் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர் அவர். தானாக ஓடும் காரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "கிளட்ச மிதிலே!" என்று அந்தக் காரையே திட்டுவார். ஆறு வருஷத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. வாய் மட்டும் விழவில்லை.

போன வருஷம் பொங்கலுக்கு அவர்தான் இசக்கியை வீட்டுக்கு வரவழைத்தார். இசக்கிக்கு வேலை கண்ணீரைப் பரிசோதிப்பது. ஊரில் அப்போது அது நன்றாகச் சூடு பிடித்திருந்த தொழில். துக்க விடுப்பு கேட்கிற ஊழியரிடம் ஆபீஸ்காரர்கள் கண்ணீர் ரிப்போர்ட் கேட்டார்கள். மகளை அனுப்பிவைக்கும்போது பெண் வீட்டார் அழுத கண்ணீரைக் குப்பியில் பிடித்துக்கொண்டு சம்பந்தி வீட்டார் ரகசியமாக ஆய்வகத்துக்கு வந்தார்கள்.

"கண்ணீருல என்னம்மா இருக்கு? உப்புத் தண்ணிதான?" என்று கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார் ஆவுடையப்பன்.

"உப்பு மட்டும் இல்ல ஐயா. புரதம் இருக்கு. அந்தப் புரதத்துல சின்னச் சின்னதா சர்க்கரைச் சங்கிலி தொங்கும். மனசுல துக்கம் இருந்தா கண்ணீர்ச் சுரப்பி அந்தச் சங்கிலிய வேற மாதிரி கோக்கும். நுனியில வேற மணி வந்து சேரும். அத எண்ணிச் சொல்லுததுதான் எங்க மெஷின்."

"நடிச்சா?"

"நடிச்சா தண்ணி வரும், சங்கிலி மாறாது. மூணு நாளாவது மனசு நெசமா நொந்திருக்கணும்."

"வெங்காயம் உரிச்சா?"

"வெங்காயத்துக்குச் சங்கிலி கோக்கத் தெரியாது ஐயா."

ஆவுடையப்பன் பாதி வாயால் சிரித்தார். இசக்கி மீதியையும் விளக்கினாள். ஆளுக்கு ஆள் அளவு வேறுபடும். அதனால் இப்போது ஒரு தடவை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு எடுப்பதில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒப்பீட்டுக்கு ஒரு ஆளும் வேண்டும். அதே தெருவின் தூசியையும் வெயிலையும் அனுபவிக்கிற ஆள். ஆனால் சம்பந்தப்பட்டவர் மேல் பாசம் இருக்கக்கூடாது.

கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்கு நம்மகிட்ட ஒருத்தன் இருக்கான்" என்றார்.

அந்த ஒருத்தன் அடுத்த வீட்டு அல்போன்ஸ். தபாலாபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. ஆவுடையப்பன் ரிவர்ஸ் எடுக்கும்போது தன் மதில் சுவரை இடித்தார் என்று இருபத்திரண்டு வருஷமாகக் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்து வருபவர். திங்கட்கிழமை தவறாமல் அவர் மனு கொடுப்பார்; அடுத்த திங்கள் ஆவுடையப்பன் எதிர்மனு அனுப்புவார்.

கண் பரிசோதனை முகாம் என்று சொல்லித்தான் தன் மூன்று பிள்ளைகளையும் அல்போன்ஸையும் கூப்பிட்டிருந்தார். மூத்த மகன் நெல்லையப்பன் சென்னையில் பெரிய அதிகாரி. ஐந்து பக்கப் படிவத்தைப் புரட்டாமலே கையெழுத்துப் போட்டான். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த இளையவன் சங்கரநயினார் செல்போனில் பேசிக்கொண்டே போட்டான். மகள் காந்திமதி, அப்பாவுக்கு வாய் துடைத்துவிட்ட ஈரக் கையோடு ஓடிவந்து, படிவத்தைச் சுவரில் வைத்துப் போட்டுவிட்டு மறுபடி உள்ளே ஓடினாள். அல்போன்ஸ் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஐந்து பக்கத்தையும் வரி விடாமல் படித்தார்.

"ஒப்பீட்டு நபர். பாசம் இருக்கக்கூடாதுன்னு போட்டிருக்கு" என்றார் இசக்கியிடம்.

"ஆமா சார்."

"அதுக்கு இந்த ஜில்லாவுல என்னைய விட்டா ஆளு கிடையாது" என்று பெருமையாகச் சொல்லி, மூன்று இடத்தில் தேதியோடு கையெழுத்துப் போட்டார்.

"இது என்னத்துக்குன்னு அவர் பிள்ளைங்களுக்கும் சொல்லிடலாமா?" என்று இசக்கி தயங்கினாள்.

"தமிழ்லதான எழுதியிருக்கு? படிக்கலன்னா அது என் குத்தமா?"

இப்போது ஆவுடையப்பன் போய்விட்டார். சுடுகாட்டுச் சடங்கெல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியதும் வக்கீல் மகராஜன் மூன்று பிள்ளைகளையும் உட்காரவைத்து உயிலின் சாரத்தைச் சொன்னார். முகாமில் மாதிரி கொடுத்தவர்களில், ஆவுடையப்பன் இறந்த நாலாம் நாள் யாருக்குத் துக்க எண் அதிகமாக ஏறியிருக்கிறதோ அவருக்கே வீடு. நெல்லையப்பன் அன்றைக்கே சென்னையிலிருந்து ஒரு துக்கப் பயிற்சியாளரை வரவழைத்துவிட்டான்.

அந்தத் தொழிலும் அப்போது முளைத்திருந்தது. மூன்றாம் நாள் இசக்கி அந்த வீட்டுக்குப் போனபோது மாடி அறையில் ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. கதவுக்கு வெளியே நின்றாலும் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"அப்பா உங்களைத் தோள்ல தூக்கிட்டுத் தேரோட்டத்துக்குப் போனதை நினைச்சுப் பாருங்க சார்" என்றது பயிற்சியாளரின் குரல்.

"அவர் என்னைத் தூக்கினதே இல்லையே."

"வேற ஏதாவது?"

"கியர் மாத்தத் தெரியலைன்னு நடுரோட்டுல இறக்கிவிட்டுட்டுப் போயிட்டாரு."

"அது கோபம் சார். கோபத்துக்குச் சங்கிலி வேற."

பிறகு பயிற்சியாளர், "சரி சார், போன மாசம் ஷேர் மார்க்கெட் விழுந்துச்சே, அதை நினைங்க" என்றார். உடனே நெல்லையப்பன் விசும்பும் சத்தம் கேட்டது.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு இசக்கி குப்பிகளோடு உட்கார்ந்தாள். நெல்லையப்பன் முறையாக அழுது கொடுத்தான். சங்கரநயினார் வந்தவர் போனவரையெல்லாம் கட்டிப்பிடித்துக் கதறினான். "இவ்வளவு வேண்டாம் சார், ரெண்டு சொட்டு போதும். கொட்டாவி விட்டு வந்த தண்ணியா இருந்தாலும் சரிதான். சங்கிலிய முன்னாலயே கோத்தாச்சு, இனிமே மாத்த முடியாது" என்று அவள் சொன்னதும் அவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

காந்திமதி பின்கட்டில் அப்பாவின் ரப்பர் விரிப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாடகைக்கு எடுத்த கட்டிலை ஏற்றிப்போக வண்டி வாசலில் நின்றது. நாற்பத்தோரு வயதுக்குள் அவளுக்குப் பாதித் தலை நரைத்திருந்தது.

"அக்கா, ரெண்டு சொட்டு வேணும்."

"அழுக வரலயே பிள்ள. கொட்டாவி விட்டாப் போதும்னா சொன்ன?"

"போதும்."

காந்திமதி ஒரு கொட்டாவி விட்டாள். பிறகு நிறுத்த முடியவில்லை. வரிசையாக ஏழு கொட்டாவி. நாலு குப்பிகளில் அவளுடையதுதான் விளிம்பு வரை நிரம்பியது.

அல்போன்ஸ் அடுத்த வீட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "தொல்லை ஒழிஞ்சுதுன்னு நிம்மதியா இருக்கேன். எடுத்துக்கோ" என்று முகத்தை நீட்டினார். இசக்கி குப்பியைத் திறப்பதற்குள், "போன திங்கக்கிழமை கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் வரல. அதுக்குள்ள போயிட்டான் பாரு. எதையும் பாதியில விட்டுட்டுப் போற பய" என்றார். பேப்பரை மடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தெருவுல ஒரே தூசி" என்றார்.

ஆய்வகத்தில் இசக்கி மெஷினை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். மூன்று தடவையும் ஒரே விடைதான். மேலாளர் சிதம்பரதாணு ரிப்போர்ட்டில் முத்திரை குத்தி உறையை ஒட்டினார்.

வக்கீல் ஆபீசில் எல்லோரும் கூடியிருந்தார்கள், அல்போன்ஸைத் தவிர. "எனக்கு வேற வேலை இல்லையா" என்று சீட்டு எழுதி அனுப்பியிருந்தார். மகராஜன் உறையைப் பிரித்து வாசித்தார்.

"நெல்லையப்பன், ஏற்றம் பதினாலு. சங்கரநயினார், அஞ்சு. காந்திமதி..." அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "மைனஸ் ஒண்ணு. அல்போன்ஸ், அறுபத்தொண்ணு."

நெல்லையப்பன் எழுந்தான்.

"ஒப்பீட்டுக்குன்னு கூட்டிட்டு வந்த ஆளுக்கு எங்க வீடா? என்ன சார் உயில் இது?"

"நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன் தம்பி. 'குடும்பத்தாரில்'னு ஒரு வார்த்தை சேருங்கன்னேன். உங்க அப்பா கேக்கல. 'வே மகராஜா, அல்போன்ஸுக்குப் பூஜ்யம் வரும், அதயும் எல்லாரு முன்னாலயும் சத்தமா வாசிக்கணும், அதுக்குத்தான் அவனையும் சேத்திருக்கேன்'னாரு."

"பேசாம எங்க யாருக்காவது எழுதி வச்சிருக்கலாமே?"

வக்கீல் காந்திமதியை ஒருமுறை பார்த்தார். "அதையும் கேட்டேன். 'மகளுக்கு எழுதினா, படுக்கையில கிடந்த கிழவன ஏமாத்தி அவ வாங்கிட்டான்னு ரெண்டு பயலுவளும் கோர்ட்டுக்குப் போவானுவ. மெஷின் சொன்னா எவன் வாயத் திறப்பான்?'னாரு. காந்திமதிக்குத்தான் வரும்னு அவருக்கு அவ்வளவு நிச்சயம்."

"அவளுக்குத்தான் மைனஸ் ஒண்ணாச்சே!" என்றாள் நெல்லையப்பனின் மனைவி. "ஆறு வருஷம் பக்கத்துலயே இருந்தது எதுக்குன்னு இப்பத்தான புரியுது."

காந்திமதி எழுந்து வெளியே போனாள். இசக்கி பின்னாலேயே போனாள். மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தவள் நின்று திரும்பினாள்.

"எனக்கு நெசமாவே ஒண்ணும் இல்லயா பிள்ள? இருக்கலாம். அப்பாவுக்கு ஃபேன் காத்து ஆகாது. ஆறு வருஷமா போட விடல. அவிய மூச்சு நின்னுட்டுன்னு தெரிஞ்சதும் முதல்ல எந்திரிச்சுப் போய் ஃபேனத்தான் போட்டேன். அதுக்குக் கீழ நின்னு பத்து நிமிஷம் கண்ண மூடிக்கிட்டிருந்தேன். அதுக்கப்புறந்தான் அண்ணனுவளுக்குப் போன் பண்ணினேன்." இதைச் சொல்லிவிட்டு, தப்பு செய்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இசக்கியின் முகத்தையே பார்த்தாள்.

ஆய்வகத்துக்குத் திரும்பியதும் இசக்கி மெஷினின் மூலப் பதிவைத் திறந்தாள். ரிப்போர்ட்டில் ஏற்றம் மட்டும்தான் அச்சாகும். போன வருஷத்து எண்ணும் இந்த வருஷத்து எண்ணும் உள்ளே கிடக்கும், யாரும் பார்ப்பதில்லை. அவளும் அதுவரை பார்த்ததில்லை. பார்த்ததும் சிதம்பரதாணுவின் அறைக்கு ஓடினாள்.

"சார், காந்திமதி அக்காவுக்கு இப்பம் தொண்ணூறு. போன வருஷமே தொண்ணூத்தொண்ணு! நூறுக்கு மேல கண்ணீர்ச் சுரப்பியால கோக்கவே முடியாது. மிச்சம் ஏறுததுக்கு ஒம்பதுதான் இடம் சார்."

"ரொம்ப சந்தோஷம். ரிப்போர்ட்ல ஏற்றம் மட்டும்தான் போடணும். அதுதான் விதி."

"அது தப்பான விடை சார்."

"விடை சரிதான் இசக்கி. கேள்வி தப்பா இருந்தா அதுக்கு நாம பொறுப்பில்ல. உள் எண்ண வெளிய சொன்னா வேலை போயிரும், பாத்துக்கோ."

அடுத்த நாள் மதியம் இசக்கி, ஏன் போகிறோம் என்று தனக்கே சரியாகத் தெரியாமல், அல்போன்ஸ் வீட்டுக்குப் போனாள். வாசலில் ஏழெட்டு ஜோடி செருப்புக் கிடந்தது. உள்ளே தெருக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அல்போன்ஸ் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு இருந்தார்.

"மனசத் தேத்திக்கிடுங்க அண்ணாச்சி. நீங்க இப்படி உள்ளுக்குள்ள வச்சு மருகுவியன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சே" என்று ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனதும் அல்போன்ஸ் வெடித்தார். "அறுபத்தொண்ணுன்னு ஊரெல்லாம் பரப்பிட்டாவ! காலையிலேர்ந்து துக்கம் விசாரிக்க வாராவ. ஒருத்தி எனக்குக் கஞ்சி கொண்டாந்து தாரா. எவனுக்கு? ஆவுடையப்பன் செத்ததுக்கு! எனக்கு! அந்தப் பய இருந்தாம்னா சிரிச்சே செத்திருப்பான்."

"வீடு உங்களுக்கு வருதே சார்."

"அது ஒண்ணு. இனிமே அங்க எவன் மேல நான் மனு போட? என் மேலயா?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "நீ எதுக்கு வந்த? என்னமோ சொல்ல வந்துட்டுச் சொல்லாம நிக்க."

"சொன்னா எனக்கு வேலை போயிரும் சார்."

அல்போன்ஸ் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து, துளையிட்டு நூல் கோத்த ஒரு காகிதக் கட்டை எடுத்தார். அவர் கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகல் அதில் இருந்தது. நாலாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"பதினோராவது ஷரத்து. 'ஒப்பீட்டு நபர் எழுத்து மூலம் கோரினால், உடன் பரிசோதிக்கப்பட்ட அனைவரின் முழு அளவுகளும் அவருக்கு அளிக்கப்படும்.' உங்க கம்பெனிதான் போட்டிருக்கு. உங்க மேலாளரே படிச்சிருக்க மாட்டாரு." அங்கேயே ஒரு தாளை இழுத்து, அனுப்புநர், பெறுநர் எல்லாம் போட்டு, முத்து முத்தான எழுத்தில் மனு எழுதிக் கொடுத்தார். "நான் கேட்டாச்சு. இப்பம் சொல்லு."

இசக்கி சொன்னாள். அல்போன்ஸுக்குப் பதினெட்டிலிருந்து எழுபத்தொன்பது. காந்திமதிக்குத் தொண்ணூற்றொன்றிலிருந்து தொண்ணூறு.

"அப்பம் அந்தப் பிள்ளைக்குப் போன வருஷமே..."

"ஆமா சார். இன்னிக்கு உங்களுக்கு இருக்கிறத விடக் கூட. அவிய உயிரோட இருக்கும்போதே அக்கா அழுது முடிச்சிட்டாங்க. மெஷின் ஏறினத மட்டும்தான் எண்ணும். ஏற்கெனவே உச்சியில இருக்கிறவங்க எங்க ஏறுவாங்க?"

அல்போன்ஸ் படிவக் கட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "அவ ஒரு நாளும் சத்தம் போட்டு நான் கேட்டதில்ல. ஒரே ஒரு சுவர்தான் நடுவுல இருக்கு" என்றார். "நான் கேட்டதெல்லாம் அவன் கத்துறத மட்டுந்தான்."

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. மூன்று வாரத்தில் அல்போன்ஸ் அந்த வீட்டைக் காந்திமதிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். கூடவே இரண்டு எண்களையும் எழுதிய தாளையும் கொடுத்தார். ரிஜிஸ்தர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து காந்திமதி அதைப் படித்தாள், மறுபடி படித்தாள்.

"தொண்ணூத்தொண்ணா?" என்று இசக்கியிடம் கேட்டாள். "நூத்துக்கா?"

"நூத்துக்கு."

"பள்ளிக்கூடத்துல கூட நான் இவ்வளவு வாங்கினதில்ல பிள்ள" என்றாள் காந்திமதி. சிரிக்கத் தொடங்கினாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. இசக்கியின் பையில் காலிக் குப்பி இருந்தது. அவள் அதை வெளியே எடுக்கவில்லை.

சிதம்பரதாணுவுக்கு அல்போன்ஸிடமிருந்து வாரம் ஒரு மனு வந்தது. ரிப்போர்ட்டில் பழைய எண், புது எண் இரண்டையும் அச்சிட வேண்டும் என்று விதிகளை மேற்கோள் காட்டி, நகல் கலெக்டருக்கு, நகல் சுகாதாரத் துறைக்கு என்று வந்துகொண்டே இருந்தது. பதினேழாவது மனுவில் அவர் பணிந்தார். அப்படி அச்சிடத் தொடங்கிய பிறகு ஊரில் பல வீடுகளில் பேச்சு மாறியது. ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்த மருமகள்களும், படுக்கை மாற்றிப்போட்ட தம்பிகளும் முதல் பத்தியில் இருந்த பழைய எண்ணைச் சத்தமில்லாமல் விரலால் தொட்டுப் பார்த்தார்கள். அதே சமயம் சாவுக்கு ஒரு வருஷம் முன்பிருந்தே அழவைக்கும் நீண்டகாலத் திட்டம் ஒன்றைத் துக்கப் பயிற்சியாளர்கள் அறிமுகப்படுத்தினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

காந்திமதி அந்த வீட்டில் ஒரு மாதம்கூட இருக்கவில்லை. விற்றுவிட்டுக் கோத்தகிரிக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர் வேலை. "ஃபேனே தேவப்படாத ஊரு. காத்து அதுபாட்டுக்கு வருது" என்று இசக்கிக்குச் செய்தி அனுப்பியிருந்தாள்.

ஆறு மாதம் கழித்து ஒருநாள் பத்து மணிக்கு ஆய்வகத்துக்குப் போன் வந்தது. அல்போன்ஸ்.

"ஏம்மா, அடுத்த வீட்டுக்குப் புதுசா ஒருத்தர் வந்திருக்காரு."

"எப்படி சார் ஆளு?"

"ரொம்ப நல்ல மனுசன்" என்றார் அல்போன்ஸ், உடைந்த குரலில். "வாசல் தெளிச்சா என் வாசலுக்கும் சேத்துத் தெளிக்காரு. பாட்டுச் சத்தம் கூடுதலா இருக்குன்னு நேத்து மனு எழுத உக்காந்தேன். பெறுநர் போடுறதுக்குள்ள வந்து, 'உங்களுக்குத் தொந்தரவா இருக்கா சார்'னு கேட்டு நிறுத்திட்டாரு. நான் இப்பம் என்ன செய்ய?"

இசக்கி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "காந்திமதி அக்கா பேசினாங்களா சார்?" என்று கேட்டாள்.

"ஏன் பேசாம? முந்தாநாள் கூப்பிட்டா. கோத்தகிரியில காலையில ஒம்பது டிகிரின்னு அளந்தா. நான் பேப்பர எடுத்துப் பாத்தேன், பதினாலுன்னு போட்டிருக்கு. எடுத்துச் சொன்னா, 'பேப்பர்காரன் வந்து எங்க வாசல்லயா நின்னு பாத்தான்? குளிருதது எனக்கு, மாமாவுக்கு என்ன தெரியும்'னு கேக்கா. அப்பன் வாய் அப்படியே இருக்கு. முக்கா மணி நேரம் விடலயே ரெண்டு பேரும்!" குரலில் தெம்பு ஏறியிருந்தது. "சரி, நான் வைக்கேன். பதினொரு மணிக்குக் கூப்பிடுதேன்னிருக்கா. இன்னைக்கு உள்ள பேப்பர இன்னும் பாக்கல."